மீன் தலையும் நூற்றுப் பதினைந்து எச்பியும்

ராசம்மா வீட்டு மீன் கறியில் தலை யார் தட்டில் விழும் என்பதுதான் சதாசிவத்துக்கு வாரம் முழுக்க யோசனை. சிரிக்காதீர்கள். அவர் ராசம்மாவின் மூத்த மருமகன். கடலை ஒட்டிய பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் மாமியார் வீட்டில் ஞாயிறுதோறும் இரண்டு மகள்களும் குடும்பத்தோடு கூடுவார்கள். மருமகன்கள் விடிந்ததும் அவரவர் போட்டில் மீன் பிடிக்கப் போவார்கள். யார் மீன் முதலில் வீடு வந்து சேர்கிறதோ அதுதான் அன்றைய கறி. கொண்டு வந்தவர் தட்டில்தான் தலை. பிந்தி வரும் மீன் எத்தனை பெரிதானாலும் நேராக ஃபிரிஜ்ஜுக்குப் போய்விடும்.

பல வருடமாக அந்தத் தலையைச் சதாசிவம்தான் தின்றுகொண்டிருந்தார். சிங்கப்பூரில் வேலை பார்க்கும் இளைய மருமகன் தீபன் புதுப் போட்டும் தொண்ணூறு எச்பி மோட்டாரும் வாங்கினானோ இல்லையோ, தலை இடம் மாறிவிட்டது. சதாசிவத்தின் போட் பழையது. அதில் இருந்த நாற்பது எச்பி மோட்டார் அதைவிடப் பழையது. திரும்பும் வழியில் தீபன் கையசைத்துக்கொண்டே அவரைக் கடந்து போவான். அதைப் பார்த்தாலே சதாசிவத்துக்கு வயிறு எரியும். கையசைக்காமல் போயிருந்தால் மட்டும் குளிர்ந்திருக்குமா என்ன?

கடைசியில் மோட்டாரை மாற்றிவிடுவது என்று முடிவு கட்டினார். கேள்விப்பட்டு தீபன் வீடு தேடி வந்தான்.

"அண்ணே, அறுபதுக்கு மேல போகாதீங்க லா. உங்க போட் அவ்வளவுதான் தாங்கும். மோட்டார் மாட்டுற பின்பலகைய தட்டிப் பாத்தேன், உள்ளுக்குள்ள ஊறிப்போன மாதிரி சத்தம் வருது. மொதல்ல அத மாத்துங்க."

நல்ல யோசனைதான். வேறு எவன் சொல்லியிருந்தாலும் சதாசிவம் கேட்டிருப்பார். சொன்னது தீபன் ஆயிற்றே! 'நீ அறுபதிலேயே கிட, நான் தொண்ணூறில் போகிறேன்' என்றுதான் அது அவர் காதில் விழுந்தது.

"என் போட்ட தட்டிப் பாக்க இவன் யாரு?" என்று மனைவி ரூபினியிடம் குதித்தார்.

"நல்லதுக்குத்தானே சொல்றாரு."

"நல்லதுக்கா? நான் முந்திருவேன்னு பயம்!"

தூரத்து ஊரான மூவாரில் ஒரு மோட்டார் கடைக்குப் போனார். பின்பலகை எப்படி இருக்கிறது என்று கடைக்காரர் கேட்டதற்கு, புதிதாக மாற்றியாயிற்று என்று கூசாமல் சொன்னார். வாங்கியது நூற்றுப் பதினைந்து எச்பி. பழைய மோட்டாரைப் போல இரண்டு மடங்கு கனம். போட்டுகளைக் கட்டி வைக்கும் செனிபோங் ஜெட்டியில் அதை மாட்டியதும் போட்டின் பின்பக்கம் தண்ணீரில் அமுங்கி, முன்பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. அதையும் கம்பீரம் என்றே அவர் எடுத்துக்கொண்டார்.

அந்த ஞாயிறு அவருக்கு நல்ல சியாகாப் மீன் ஒன்று மாட்டியது. ஐஸ் பெட்டியில் போட்டுக்கொண்டு திரும்பும்போது முன்னால் தீபனின் போட் தெரிந்தது. முழு வேகத்தில் முடுக்கினார். போட் பறந்தது. தீபன் பின்தங்கினான். சதாசிவம் திரும்பிப் பார்த்து நன்றாகக் கையசைத்தார். அந்தச் சந்தோஷத்துக்கு விலையே இல்லை என்று நினைத்தார்.

அசைத்த கையை இறக்கக்கூட இல்லை, படாரென்று ஒரு சத்தம். பின்பலகை பிளந்து, மோட்டார் சாய்ந்து, தண்ணீர் உள்ளே பாய்ந்தது. அவர் மோட்டாரை நிறுத்துவதற்குள் ஐஸ் பெட்டி மீனோடு மிதந்து போயே போய்விட்டது.

தீபன் வந்து சேர்ந்தான். ஒரு கயிற்றை வீசினான், ஒரு வாளியையும் வீசினான்.

"நீங்க தண்ணிய எறைங்கண்ணே, நான் இழுக்குறேன்."

அவ்வளவுதான் பேச்சு. 'அன்னைக்கே சொன்னேனே' என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் சதாசிவம் சண்டை போட்டுத் தப்பித்திருப்பார். பாவி, அதைக்கூடச் சொல்லவில்லை. ஜெட்டிக்கு வந்ததும் தன் பெட்டியில் இருந்த மீனை எடுத்து நீட்டினான்.

"இத எடுத்துட்டு நீங்க முன்னால போங்க. அத்தை காத்துக்கிட்டு இருப்பாங்க. போட்ட நான் பாத்துக்குறேன்."

வேண்டாம் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் கை மீனை வாங்கிக்கொண்டது.

"அடேயப்பா, புது மோட்டார் வேலைய காட்டிருச்சே!" என்று ராசம்மா வாயெல்லாம் பல்லாக வரவேற்றாள். சதாசிவம் மறுக்கவில்லை. கறி கொதித்து இறங்கிய பிறகுதான் தீபன் வந்தான். "எனக்கு இன்னிக்கு ஒண்ணும் மாட்டல அத்தை" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனான்.

எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தார்கள். தலை சதாசிவத்தின் தட்டில் விழுந்தது. எத்தனை ஞாயிறு ஏங்கிய தலை! ஆனால் அவர் அதில் வாய் வைக்கவில்லை. அதை அப்படியே எடுத்துப் பக்கத்தில் இருந்த தீபன் தட்டில் வைத்தார்.

"நீ சாப்பிடு தம்பி."

உண்மையைச் சொல்ல அவருக்கு வந்த துணிச்சல் அவ்வளவுதான்.

ராசம்மாவுக்குக் கண் கலங்கிவிட்டது. "பாத்தியாடி ரூபினி, பெரிய மாப்ள பெரிய மாப்ளதான். இந்த மனசு யாருக்கு வரும்?"

"ஆமா அத்தை, அண்ணனுக்குப் பெரிய மனசு" என்றான் தீபன். அதில் கேலி துளிகூட இல்லை. இருந்திருந்தால் சதாசிவம் பிழைத்திருப்பார். மீனும் அவனுடையது, இந்த நல்ல பேரும் அவன் போட்ட பிச்சை. வெறும் குழம்பை ஊற்றிச் சோற்றைப் பிசைந்தார். வயிறு முன்னைவிட அதிகமாக எரிந்தது.