மச்சான் கடை வளைவு

இருபத்தாறு வருடமாக நான் வரைந்ததெல்லாம் அடுத்தவர் வீட்டுக் குளியலறையும் கார் ஷெட்டும்தான். அதனால் எங்கள் ஊர் வரலாற்று அருங்காட்சியகத்தை விரிவாக்க என்னிடம் வரைபடம் கேட்டபோது எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அருங்காட்சியகம் இருப்பது பழைய கடைத்தெருவில். புதுக் கட்டடம் அந்தத் தெருவோடு ஒட்டிப்போக வேண்டும், துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. அருங்காட்சியகக் குழுவின் நிபந்தனை அது ஒன்றுதான். வியாழக்கிழமை முடிவு. தேறாவிட்டால் மறுபடி குளியலறைதான்.

மூன்று வாரம் டேப்பும் கையுமாகத் தெருவில் திரிந்தேன். கடைசியில் என்னை மயக்கியது, அருங்காட்சியகத்துக்கு அடுத்த கடையின் வாசல் வளைவு. என் மனைவியின் அண்ணன் நடத்தும் பூட்டுக் கடை அது. வளைவின் ஆரம் ஐந்நூற்று இருபது மில்லிமீட்டர். எந்தப் பக்கம் அளந்தாலும் மயிரிழை பிசகவில்லை. 'அக்காலக் கொத்தனார்களின் கணித ஞானம்' என்று அறிக்கையில் ஒரு பக்கமே எழுதினேன். முகப்பில் அதே வளைவு ஏழு வைத்து, அட்டையில் மாதிரி செய்து சாப்பாட்டு மேசையில் நிறுத்தினேன்.

புதன்கிழமை மத்தியானம் மச்சான் வந்தார். மாதிரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்ன மாப்ள, என் கடை வாசலை ஏழு தடவை வச்சிருக்கீங்க?"

"உங்க கடை வாசல்னு சொல்லாதீங்க மச்சான். நூறு வருஷத்துக் கலை."

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். நின்றுகொண்டு சிரித்து முடிக்க முடியாது என்று நினைத்தார் போலிருக்கிறது.

"உங்களுக்குப் பொண்ணு குடுக்குறதுக்கு மூணு வருஷம் முன்னாடி, ஒரு லாரி ரிவர்ஸ்ல வந்து கடை வாசலை இடிச்சுத் தள்ளிடுச்சு. டிரைவர் ஓடிட்டான். ஸ்டெப்னி டயர் மட்டும் கழண்டு வாசல்ல கிடந்துச்சு. திரும்பக் கட்ட வந்த கொத்தனாரு, முன்ன இருந்த மாதிரி நேராவே வச்சுடவான்னாரு. நான்தான் பேங்க் வாசல் மாதிரி கெத்தா இருக்கட்டும்னேன். வளைவுக்கு அவர்கிட்ட அச்சு இல்ல. அந்த டயரையே நிக்க வச்சு மேல செங்கல்ல அடுக்கிட்டாரு."

நான் மேசையிலிருந்த ஏழு வளைவுகளையும் ஒரு தடவை எண்ணிப் பார்த்தேன்.

"அதான் அந்தக் கணித ஞானமா?" என்று சமையலறையிலிருந்து மனைவி கேட்டாள்.

"உனக்கும் தெரியுமா?"

"தெரியாம? மூணு வாரமா வளைவு வளைவுன்னீங்க. எந்த வளைவுன்னு ஒரு வார்த்தை சொன்னீங்களா?"

மச்சான் என் தோளைத் தட்டினார். "விடுங்க மாப்ள. நான் வாயே திறக்க மாட்டேன். யாராவது கேட்டா எங்க முப்பாட்டன் கட்டுனதுன்னு அடிச்சு விடுறேன்."

ஆசையாகத்தான் இருந்தது. ஆனால் ஊர் வரலாற்றை வைக்கப்போகிற கட்டடத்துக்கு முகமே பொய்யா? மனசு கேட்கவில்லை. நேரே அருங்காட்சியகத்துக்குப் போய், காப்பாட்சியர் அம்மாவிடம் தெருவின் பழைய புகைப்படங்களைக் கேட்டேன்.

"மூணு வாரமா வெளியிலயே நின்னு அளந்தீங்களே சார். இப்பவாவது உள்ள வரணும்னு தோணுச்சே" என்று ஒரு பெட்டியைத் தூக்கி என் முன்னால் வைத்தார்.

படங்களில் தெரு முழுக்கத் தேடியும் ஒரு வளைவு இல்லை. எல்லாக் கடைக்கும் பலகைக் கதவுகள். காலையில் பலகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி ஓரமாகச் சாய்த்துவிட்டால் கடை முழுவதும் திறந்து கிடக்கும். தெரு எங்கே முடிகிறது, கடை எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாது. அங்கேயே உட்கார்ந்து பென்சிலால் புதிதாக ஒரு படம் போட்டேன்.

மறுநாள் குழுவின் முன்னால் அட்டை மாதிரியை வைத்து, லாரிக் கதையையும் ஒன்று விடாமல் சொன்னேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். ஞாயிறுதோறும் வெளியூர்க்காரர்களைக் கூட்டிக்கொண்டு அந்தத் தெருவைச் சுற்றிக் காட்டுபவர் அவர்.

"அந்த வளைவுக்கு நூத்தி முப்பது வயசுன்னுல்ல நான் சொல்லிட்டிருக்கேன்" என்றார், குரல் இறங்கி.

"எத்தனை வருஷமா சொல்றீங்க ஐயா?" என்று காப்பாட்சியர் அம்மா பணிவாகக் கேட்டார்.

"பதினொண்ணு."

யாரும் சிரிக்கவில்லை. அவரவர் செருப்பை அவரவர் பார்த்துக்கொண்டோம்.

நான் பென்சில் படத்தை விரித்தேன். முகப்பு முழுக்கக் கழற்றி வைக்கிற பலகைக் கதவு. காலையில் திறந்துவிட்டால், தெருவில் நடக்கிறவர் நாலடி தள்ளி நடந்தாலே அருங்காட்சியகத்துக்குள் இருப்பார். தலைவர் கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"இதை முன்னாடியே கொண்டுவந்திருக்கலாமே?"

"முன்னாடி எனக்கு லாரி வந்தது தெரியாதுங்க ஐயா."

"சரி. வேலை உங்களுக்குத்தான். முழு வரைபடம் மூணு வாரத்துல வந்துடணும். இன்னொண்ணு, இந்த ஞாயித்துக்கிழமை நீங்களும் எங்கூட வாங்க. அந்த வளைவு வந்ததும் நான் கொஞ்சம் பின்னாடி நின்னுக்கறேன், நீங்களே பேசிடுங்க."

ஞாயிற்றுக்கிழமை பதினான்கு பேருடன் பூட்டுக் கடைக்கு வந்து சேர்ந்தேன். தொண்டையைச் செருமினேன். அதற்குத் தேவையே இருக்கவில்லை. மச்சான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மொட்டை மாடியிலிருந்து இறக்கிக் கழுவித் துடைத்த டயரைப் பக்கத்தில் நிறுத்தி வைத்து, வாசலில் காத்திருந்தார்.

"வாங்க வாங்க. மாப்ள, நீங்க தள்ளி நில்லுங்க. இதை நான் சொன்னாத்தான் நல்லா இருக்கும்."