சாத்திய சன்னல்கள்

டை முடிச்சு சரியாக விழவில்லை. மார்வா அவிழ்த்து மறுபடி போட்டாள். உயிரோடு இருப்பவருக்குக் கட்டுவது வேறு, பெட்டியில் படுத்திருப்பவருக்குக் கட்டுவது வேறு. கழுத்தைத் தூக்கிப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். பிடிக்க வேண்டிய தம்பி ஆர்வில் வாசலில் நின்று கடற்கரைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தான்.

விடியும் முன்பே அப்பா லைல் கிட்டென்ஸ் இறந்துபோனார். நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். எங்கள் தீவு வெயிலில் யாரையும் மறுநாள்வரை வைத்திருக்க முடியாது. ரேடியோவில் மரண அறிவிப்பில் பெயர் வாசித்தாயிற்று. நாலு மணிக்கு அடக்கம்.

அம்மா யுடோரா ஒவ்வொரு சன்னலாகச் சாத்திக்கொண்டு வந்தாள். செத்தவர் வீட்டைவிட்டுப் போகும்வரை சன்னல் திறக்கக் கூடாது. தெருவில் உள்ளவர்களும் மரியாதைக்குச் சாத்துவார்கள். பார்படோஸில் பிறந்தவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"அதைச் சாத்தாதம்மா," என்றான் ஆர்வில். "இன்னைக்கு மூணு மணிக்குச் சுடுறாங்க."

அம்மா அவனைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் அந்தச் சன்னலையும் சாத்தினாள்.

அவன் சொன்னது பீரங்கியை. கோட்டைச் சுவரில் வெயில் காய்கிற பழைய பீரங்கி இல்லை. போர்க்கப்பலிலிருந்து கழற்றிய இரண்டு குழாய்களை ஒன்றோடொன்று பற்றவைத்து, தென்னை மரத்தைவிட உயரமாக நிறுத்தியிருந்தார்கள். வானத்தைப் பார்த்துச் சுடுவதற்கு. மேலே காற்று எப்படி அடிக்கிறது என்று பார்க்க அம்பு மாதிரி ஒன்றை அனுப்புவார்கள். ஒருநாள் கீழே விழாமல் உலகத்தையே சுற்றிவரும் பெட்டி ஒன்றை இந்தக் குழாய் வழியாக அனுப்பிவிடுவோம் என்று வந்திருந்த வெள்ளைக்காரர்கள் சொல்வார்கள். அங்கே வெடிமருந்துப் பைகளை அடுக்கும் ஆர்விலும் சொல்வான், என்னமோ இவனே கண்டுபிடித்த மாதிரி.

"கடல்ல விழுந்தா மீன்காரன் பாத்துக்குவான்," என்பார் அப்பா. "விழாம சுத்திக்கிட்டே இருந்தா யார்கிட்டடா போய்க் கேக்குறது?"

அந்தச் சனியன் வந்த பிறகு எங்கள் ஊருக்கு இன்னொரு சட்டமும் வந்தது. சுடும் நாளில் கதவு, சன்னல் எல்லாம் திறந்திருக்க வேண்டும், உள்ளே ஆள் இருக்கக் கூடாது. மூடிய வீடு அந்த அதிர்ச்சியைத் தாங்காது. நாங்களோ கல்லை அடுக்கி, அதன்மேல் மர வீட்டைத் தூக்கி வைத்துக் குடியிருக்கிறவர்கள். அப்பாதான் தெருவில் முதல் ஆளாகக் கிளம்புவார். அம்மாவின் பீங்கான் தட்டுகளைத் துண்டில் சுற்றி முற்றத்தில் வைப்பார். ஒவ்வொரு சன்னலாகத் திறந்து, அடித்துக்கொள்ளாமல் இருக்கக் கொக்கி மாட்டுவார். பிறகு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வருவார். மறுநாள் வீட்டுக்கு அடியில் நுழைந்து, நகர்ந்த கற்களைத் தள்ளிச் சரிசெய்வதும் அவர்தான்.

"திறந்துதான் ஆகணும்மா," என்றான் ஆர்வில்.

"உங்கப்பா படுத்திருக்காரு. அவரையும் நாற்காலியில உக்கார வச்சுத் தெருவுக்குத் தூக்கிட்டுப் போகவா?"

ஆர்வில் அக்காவைப் பார்த்தான். மார்வா டையை இழுத்துச் சரிசெய்தாள்.

"நீ போய்ச் சொல்லு," என்றாள். "அடக்கம் முடிஞ்சு சுடட்டும். வேற ஒண்ணும் கேக்கல."

"அது என்ன பஸ்ஸா, கொஞ்சம் நில்லுன்னு கை காட்ட? காத்துப் பாக்குற பலூன் விட்டாச்சுக்கா. கடல்ல படகையெல்லாம் விலக்கியாச்சு."

"அவங்க சுட்டப்பெல்லாம் அப்பா வெளிய வந்து நின்னாரு. அவருக்காக அவங்க ஒரு தடவை நிக்கட்டும். இந்த வீட்டைவிட்டு அவரு மரியாதையாப் போகணும்டா. அதைக்கூட உன்னால கேக்க முடியாதா?"

அவன் தொப்பியை எடுத்துக்கொண்டு போனான்.

மதியம் திரும்பி வந்தான். கூடத்தில் ஆட்கள் சேர்ந்திருந்தார்கள். பக்கத்து வீட்டு கிளெம்மி தேங்காய் ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"சொல்லிட்டேன்," என்றான். "அடக்கம் முடிஞ்சுதான் சுடுவாங்க." சொல்லும்போது அவன் கண் தட்டு அலமாரியின் மேல் இருந்தது. "நான் அங்க போயிட்டு வந்துடுறேன். நாலு மணிக்கு வந்து தலைப்பக்கம் தூக்குறேன்."

அம்மா எழுந்து வந்து அவன் கன்னத்தைத் தடவினாள். காலையிலிருந்து அவள் அழவில்லை, அப்போதுதான் அழுதாள். மார்வாவுக்கும் தம்பிமேல் பெருமையாக இருந்தது.

கிளெம்மிக்கு இருப்புக்கொள்ளவில்லை. தெருவின் இரண்டு கோடிக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். "நம்ம லைலுக்காக பீரங்கியே நிக்குதாம். மகாராணி செத்தாக்கூட நிக்காது அது." அவள் சொல்லச் சொல்ல, சுடுவார்கள் என்று திறந்து வைத்திருந்த சன்னல்கள் ஒவ்வொன்றாகச் சாத்தப்பட்டன. தட்டுமுட்டுச் சாமான்கள் உள்ளே போயின. எங்கள் தெரு அன்று போல் யாருக்கும் மரியாதை செய்ததில்லை.

மூன்று மணிக்கு எல்லாரும் பாட்டுப் பாடிக்கொண்டிருந்தார்கள். தேவாலயத்துப் பெண்கள் அடித்தொண்டையில் எடுத்த பாட்டு, பலகைச் சுவரெல்லாம் அதிர்ந்தது. சுடும் முன் பீரங்கித் திடலில் ஊதுகிற எச்சரிக்கைச் சங்கு யாருக்கும் கேட்கவில்லை. ஒரு அடி முடிந்து மூச்சு வாங்கிய இடைவெளியில் மார்வாவுக்குக் கேட்டது. அது ஊதி முடிகிற சத்தம்.

"எந்திரிங்க. எல்லாரும் வெளிய போங்க."

சமையற்கட்டு வழியாகச் சிலர் ஓடினார்கள். அம்மா எழவில்லை. "நிக்கிறோம்னு சொன்னாங்கடி," என்றாள். மார்வா சன்னலுக்கு ஓடுவதா அம்மாவிடம் ஓடுவதா என்று ஒரு கணம் நின்றாள். பிறகு அம்மாவைக் கட்டிப் பிடித்துத் தரையில் தள்ளி மேலே விழுந்தாள்.

வீடு ஒருமுறை எம்பி இறங்கியது.

கண் திறந்தபோது கூடத்துக்குள் கடற்காற்று வந்தது. சன்னல் கண்ணாடி ஒன்றுகூட மிச்சமில்லை. தரை ஒரு பக்கம் சரிந்திருந்தது, கல் நகர்ந்துவிட்டது. தெருவெங்கும் யாராவது யாரையாவது பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கிளெம்மி நெற்றியில் ரத்தத்தோடு சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பெட்டி இருந்த இடத்தில் இருந்தது. அதன் மூடி திறந்துதான் இருந்தது.

அம்மா எழுந்து, உடையாமல் தப்பிய ஒரு தட்டை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் போனாள். கோட்டின் மேல் கிடந்த கண்ணாடியைப் பொறுக்கினாள். பிறகு கன்னத்தில் குத்தியிருந்ததை விரல் நுனியால் பிடித்து எடுத்தாள். எடுத்த இடத்தில் ரத்தம் வரவில்லை. அதை வெகுநேரம் பார்த்துவிட்டு, அடுத்த துண்டை எடுத்தாள். மார்வா மறுபக்கம் மண்டியிட்டு நெற்றியில் இருந்ததை எடுத்தாள்.

ஆர்வில் ஓடி வந்து சன்னலுக்கு வெளியே நின்றான். சட்டைக்கையெல்லாம் கரி.

"எவ்வளவு உசரம் போச்சு?" என்று கேட்டாள் அம்மா, நிமிராமல்.

"அம்மா..."

"கேக்குறேன்ல?"

"இதுவரைக்கும் போகாத உசரம்னாங்க."

அம்மா தலையாட்டிவிட்டு இன்னொரு துண்டைத் தட்டில் போட்டாள்.

"அவங்ககிட்டக் கேட்டியாடா?" என்றாள் மார்வா.

"கேக்கத்தான் போனேன். அப்பா செத்த அன்னைக்கும் வேலைக்கு வந்திருக்கான் பாருன்னு தோளைத் தட்டினாங்க. அடுத்த தடவை பெருசாச் சுடும்போது என்னையே வெடிமருந்து ஆளுங்களுக்குத் தலைவனா நிறுத்தப் போறதாச் சொன்னாங்க." தொப்பியைக் கழற்றினான். "அப்புறம் கேட்டுக்கலாம்னு நெனச்சேன். மேகம் வந்தா எப்படியும் தள்ளிப்போகும்னு நெனச்சேன்."

வானத்தில் பஞ்சளவு மேகம்கூட இல்லை. மார்வா அவனைத் திட்டவில்லை. திட்ட வாய் திறந்தால் நிறுத்த முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

நாலு மணிக்குப் பாதிரியார் வந்தார். சவ வண்டியும் வந்தது. பெட்டியை மூடி ஆணி அறைந்தார்கள். அப்போதுதான் தெரிந்தது, வீடு சாய்ந்ததில் நிலை முறுக்கிக்கொண்டு வாசல் கதவு அசையவில்லை. நாலு பேர் தோள் கொடுத்துத் தள்ளியும் விரலளவுகூட இளகவில்லை. சமையற்கட்டு வழியில் பெட்டியைத் திருப்ப முடியாது.

எல்லாரும் அம்மாவைப் பார்த்தார்கள். அவள் கையிலிருந்த தட்டை எங்கே வைப்பதென்று தெரியாமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"சன்னலைத் திற," என்றாள்.

கண்ணாடி போயிருந்தாலும் சட்டம் அப்படியே தாழிட்டு இருந்தது. வெளியே ஆர்வில் தலைப்பக்கத்தை வாங்க இரண்டு கைகளையும் நீட்டிக்கொண்டு நின்றான். மார்வா தாழை நீக்கிச் சட்டத்தை வெளிப்பக்கம் தள்ளினாள். காற்றில் அடித்துக்கொள்ளாமல் இருக்க, அப்பா மாட்டுவதுபோலவே கொக்கியை மாட்டினாள்.