ஈயப் பட்டணத்துச் சொந்தக்காரி

ஆதாரம் இல்லாமல் பீமராவ் வாயைத் திறக்க மாட்டார் என்று ஸ்ரீரங்கத்தில் அவருக்கு ஒரு பெயர் உண்டு. முப்பத்துநான்கு வருடம் கல்லூரியில் ஆங்கில இலக்கியம் நடத்தி ஓய்வு பெற்றவர். அப்படிப்பட்ட மனிதர் ஆதாரமே இல்லாமல் ஒரு வார்த்தை விட்டார். அது நேராக வந்து ஜோதியின் தலையில் விழுந்தது.

தீவு வாசகர் வட்டம் என்று ஊரில் ஒன்று இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை, புதிதாக எழுத வந்தவர் ஒருவரின் முதல் நாவலுக்குப் பரிசு கொடுப்பார்கள். இந்த வருடம் ஜோதியின் ‘ஈயப் பட்டணம்’ தேர்வாகியிருந்தது. பதிப்பகம் எதுவும் சீண்டாத நாவல் அது. தானே அச்சடித்து, தானே பார்சல் கட்டி, தானே கூரியர் ஆபீஸ் வாசலில் நின்று விற்றாள். பரிசுச் செய்தி வந்த அன்று வீட்டில் கேசரி கிளறினார்கள். மறுநாள் காலை வட்டத்தின் செயலாளர் அல்ஃபியா போன் செய்தாள். குரலில் சுரத்தே இல்லை.

“அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க. பீமராவ் சார் நேத்துதான் புக்கை முடிச்சாராம். இது இங்கிலீஷ்லேர்ந்து எடுத்ததுன்னு குரூப்ல போட்டுட்டாரு.”

“எந்தப் புக்குலேர்ந்தாம்?”

“அது இன்னும் கிடைக்கலையாம். தேடிட்டு இருக்காராம்.”

“கிடைக்காமலேயே சொல்லிட்டாரா?”

“வர்ற ஞாயித்துக்கிழமை கூட்டத்துல வந்து, இந்தக் கதை உங்களுக்கு எங்கேர்ந்து வந்துச்சுன்னு நீங்களே சொல்லிடுங்கக்கா. கமிட்டிக்கு அது திருப்தியா இருந்தா பரிசு. இல்லைன்னா இந்த வருஷம் யாருக்கும் கிடையாதாம்.”

ஜோதிக்கு உடம்பெல்லாம் எரிந்தது. பரிசு போனால் போகட்டும். ஆறு வருடம் பஸ்ஸிலும் சமையற்கட்டிலும் மண்டைக்குள் வைத்துக் கட்டிய ஊரை, ஒருவர் நாற்காலியில் உட்கார்ந்தபடி இது உன்னுடையது இல்லை என்று சொல்லிவிட்டார். திருடி என்ற சொல்லை அவர் எழுதவில்லைதான். எழுதியிருந்தால்கூட இத்தனை வலித்திருக்காது.

நாவலும் கொஞ்சம் விவகாரமானதுதான், அதையும் சொல்ல வேண்டும். இரும்பால் கட்டிய ஓர் இருண்ட ஊர். உண்மையைச் சொல்லாமல் செத்தவர்கள் அந்த ஊரின் சுவருக்குள் மூச்சாக மாட்டிக்கொள்வார்கள். சுவரைப் படிக்கத் தெரிந்த ஒருத்தி, யார் யாரைக் கொன்றது என்று துப்புத் துலக்குவாள். துலக்கிக்கொண்டே போய், சுவரைக் கட்டிய கொல்லன்மீதே காதலில் விழுவாள். பேய்க் கதையா, கொலைக் கதையா, காதல் கதையா என்று கேட்டால் ஜோதியிடம் பதில் கிடையாது. மூன்றையும் ஒரே சட்டியில் போட்டுக் கிளறியிருந்தாள்.

சந்தேகத்துக்கு வழி வைத்ததும் அவள்தான். புத்தகத்தின் பின்னட்டையில் தன்னைப் பற்றி இப்படி எழுதிக்கொண்டாள்: ‘காவிரிக் கரையில் வசிக்கிறார். மழையை நேசிக்கிறார்.’ திருச்சியில் இருந்துகொண்டு மழையை நேசித்து என்ன ஆகப்போகிறது? பதினொரு வருடமாக அரியமங்கலத்துப் பட்டறை ஒன்றில் வேலை பார்க்கிறாள் என்பதை எழுதக் கூச்சம். எழுத்தாளர் என்றால் பட்டறை வாசனை அடிக்கக் கூடாது என்று யாரோ அவளுக்குச் சொல்லி வைத்ததுபோல மறைத்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமைக்காக ஓர் உரை எழுதினாள். எழுதி முடித்ததும் கணவர் முருகானந்தத்தை உட்கார வைத்து வாசித்தாள். அவர் சாத்தார வீதியில் மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். பொறுமைசாலி. “கோபுரத்தின் அந்தி நிழலும் காவிரியின் பெருமூச்சும் என்னை எழுதத் தூண்டின” என்ற இடம் வந்ததும் கையைத் தூக்கினார்.

“நிறுத்து. இதைப் போய்ச் சொன்னேன்னா, அந்த சார் சொன்னதுதான் நெசம்னு நானே நம்பிடுவேன்.”

“வேற என்ன சொல்றது?”

“எங்கேர்ந்து வந்துச்சோ அதைச் சொல்லு.”

“பட்டறையிலேர்ந்து வந்துச்சுன்னா சிரிப்பாங்க.”

“சிரிக்கட்டும். இப்ப மட்டும் என்ன, மாலையா போடுறாங்க?”

ஜோதி உரையைக் கிழித்துக் குப்பையில் போட்டாள். கோபத்தில் கிழித்தாள். கிழித்த பிறகு மனசு லேசாக இருந்தது.

அவளுடைய வேலை ஃபிலிம் பார்ப்பது. உடைந்த எலும்புக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுப்பதுபோல, பாய்லர் குழாய்களின் வெல்டிங்குக்கும் எக்ஸ்ரே எடுப்பார்கள். வெளியே கண்ணுக்கு அழகாக இருக்கும் வெல்டிங், உள்ளே பொத்தலாக இருக்கலாம். பட்டப்பகலில் இருட்டாக்கிய ஓர் அறையில், வியூவர் என்கிற விளக்குப் பெட்டியின் மேல் ஃபிலிமை வைத்து அவள் பார்ப்பாள். இது தேறும், இது தேறாது என்று எழுதுவாள். அவள் தேறாது என்றால் வெல்டர் அந்த இடத்தை முழுக்கச் செதுக்கி எடுத்துவிட்டு மறுபடி போட வேண்டும். அதனால் பட்டறையில் அவளுக்கு நண்பர்கள் குறைவு.

அவள் மேஜை டிராயரில் ஒன்பது வருடமாக ஒரு ஃபிலிம் இருந்தது. சுடலைமுத்து என்ற வெல்டர், உயர் அழுத்தக் குழாய் வேலைக்கான தேர்வில் போட்ட வெல்டிங். புதிதாக வருபவர்களுக்கு, எப்படி இருக்கக் கூடாது என்று காட்டுவதற்காக வைத்துக்கொண்டது. அந்த ஒரு ஃபிலிமில் அத்தனை தப்பும் இருந்தது. அவள்தான் அவரைத் தோற்கடித்தாள். மறு வருடம் அவர் தேறி, இன்று பட்டறையிலேயே முதல் கை என்று பெயர் வாங்கிவிட்டார். ஆனாலும் அன்றிலிருந்து அவளிடம் தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசியது கிடையாது.

அந்த ஃபிலிமையே கூட்டத்தில் காட்டுவது என்று ஜோதி முடிவு செய்தாள். வெளியே கொண்டுபோக முதலாளி சம்மதித்துவிட்டார். தேர்வு ஃபிலிம் பட்டறையுடையது, அதனால் சிக்கல் இல்லை. ஆனால் அதில் சுடலைமுத்துவின் வெல்டர் நம்பர் பளிச்சென்று தெரியும். கேட்காமல் காட்ட ஜோதிக்கு மனசு வரவில்லை. செவ்வாய்க்கிழமை டீ நேரத்தில் அவர் முன்னால் போய் நின்று விஷயத்தைச் சொன்னாள்.

சுடலைமுத்து டீயைக் குடித்து முடித்தார். பிறகு கேட்டார்.

“நான் ஃபெயிலான மார்க் ஷீட்டை ஊரைக் கூட்டிக் காட்டணும்ங்கறீங்க. அப்படித்தானே மேடம்?”

“ஆமாண்ணே.”

“அந்தக் கதையில நான் வரேனா?”

“நீங்க வரல. உங்க தப்பு வருது.”

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. “புக்கைக் குடுங்க. படிச்சிட்டுச் சொல்றேன்.”

முன்னூற்றுப் பத்துப் பக்கம். தினத்தந்தி தவிர வேறு எதையும் படித்தறியாத மனிதர். ஜோதி நம்பிக்கையை விட்டுவிட்டாள். புதன் போனது, வியாழன் போனது. வெள்ளிக்கிழமை அவர் அவளைப் பார்க்கக்கூட இல்லை. சனிக்கிழமை மதியம் ஃபிலிம் அறைக் கதவைத் தட்டி, பாலிதீன் பையில் சுற்றிய புத்தகத்தை எடுத்துப் பிரித்தார்.

“நூத்தி அறுபதாம் பக்கத்துல தப்பா எழுதியிருக்கீங்க. அவ்வளவு கனமான இரும்பு அரை மணியில ஆறாது. அடுத்த தடவை போடும்போது மாத்திடுங்க.”

“சரிண்ணே.”

“ஃபிலிமைக் காட்டுங்க. பழைய வியூவர் ஒண்ணு ஸ்டோர்ல கிடக்கு. நான் வண்டியில கட்டி எடுத்துட்டு வரேன்.”

அவர் போன பிறகு ஜோதி அழுதாள்.

ஞாயிறு மாலை நான்கு மணிக்குச் சித்திரை வீதி மாடி ஹாலில் நாற்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். வழக்கமாகப் பன்னிரண்டு பேர் வருகிற கூட்டம். வம்பு என்றால் நம் ஆட்களுக்கு இலக்கிய ஆர்வம் எங்கிருந்தோ வந்துவிடும். முன்வரிசையில் பீமராவ், மடியில் ‘ஈயப் பட்டணம்’, உள்ளே இருபது முப்பது துண்டுச் சீட்டுகள். கடைசி வரிசையில் சுடலைமுத்து, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

பீமராவ்தான் ஆரம்பித்தார். குரலில் பகை இல்லை, அதுதான் இன்னும் எரிச்சல். “அம்மா, உங்க எழுத்து நல்லா இருக்கு. அதனாலதான் கேக்கறேன். ஒரு இடம் மட்டும் சொல்றேன். இந்த ஊர்ல சாட்சி சொல்ல வர்றவங்க முதுகுல ஈயத்துல ஒரு எழுத்தைக் கட்டி விளக்கு முன்னாடி நிறுத்தறாங்க. நிழல்ல அந்த எழுத்து தெரிஞ்சா, வெளிச்சம் பின்னாலேர்ந்து வருதுன்னு அர்த்தம். யாரோ பின்னால நின்னு பேச வைக்கறாங்க. சாட்சி செல்லாது. பிரமாதமான கற்பனை. ஆனா நம்ம மரபுல இதுக்கு வேர் எங்கே? இது வேற ஏதோ ஒரு தேசத்து மனசு.”

ஜோதி எழுந்தாள். “நான் அரியமங்கலத்துல பாய்லர் பட்டறையில ஃபிலிம் பாக்கறேன்” என்றாள். சொல்லியாயிற்று. யாரும் சிரிக்கவில்லை.

உறையிலிருந்து ஃபிலிமை எடுத்து முதலில் பீமராவிடம் கொடுத்தாள். அவர் அதை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“வெறும் கறுப்பா இருக்கேம்மா.”

“அப்படித்தான் இருக்கும் சார். இங்க வாங்க.”

அல்ஃபியா ஜன்னல்களைச் சாத்தினாள். ஜோதி வியூவரைப் போட்டு ஃபிலிமை அதன்மேல் வைத்தாள். கறுப்புக்குள்ளிருந்து சாம்பல் நிறத்தில் ஒரு நிலம் எழுந்து வந்தது. இரண்டு பக்கமும் இரண்டு கறுத்த கோடுகள் ஓடின. நடுவே சின்னச் சின்னதாக நூற்றுக்கணக்கில் கரும்புள்ளிகள்.

பீமராவ் குனிந்தார். பிறகு மெதுவாக, “இது நம்ம ஊரு” என்றார்.

“ஆமா சார். இந்தக் கோடு காவிரி, இந்தக் கோடு கொள்ளிடம், நடுவுல நம்ம தீவு. முதல் தடவை பார்த்தப்ப மேலேர்ந்து ஸ்ரீரங்கத்தைப் பாக்கற மாதிரியே இருந்துச்சு. ஆனா எல்லாம் எரிஞ்சு போன ஸ்ரீரங்கம். இந்தப் புள்ளியெல்லாம் காத்து. இரும்பு உருகி ஓடறப்ப உள்ள மாட்டிக்கிட்ட காத்து, அது வெளிய வர்றதுக்குள்ள இரும்பு ஆறிடும். அப்புறம் அது எப்பவும் வெளிய வர முடியாது. சொல்ல வந்ததைச் சொல்லாமப் போனவங்கதான் இதுன்னு எனக்குத் தோணுச்சு. பேய் அங்கேர்ந்து வந்துச்சு. யாரு தப்புன்னு கண்டுபிடிக்கறது என் வேலை, அதனால துப்பறியற கதை தானா வந்து சேர்ந்துடுச்சு.”

“காதல்?” என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள்.

“ஒருத்தரோட வேலையைப் பதினொரு வருஷம் உள்ளுக்குள்ள புகுந்து பாத்தா, அவங்க கை நமக்குப் பழகிடும். யாரு பொறுமைசாலி, யாரு வீட்ல சண்டை போட்டுட்டு வந்தாங்க, எல்லாம் தெரியும். அப்படி ஒருத்தியால அந்தக் கையை நேசிக்க முடியாதான்னு யோசிச்சேன்.”

முருகானந்தம் இருந்த இடத்திலேயே கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தார். ஹாலில் சிரிப்பு எழுந்தது, நல்ல சிரிப்பு.

ஜோதி உறையிலிருந்து இரண்டாவது ஃபிலிம் ஒன்றை எடுத்து வைத்தாள். “இப்ப நீங்க கேட்டது. இந்த ஃபிலிம்ல ஏதாவது எழுத்து தெரியுதா பாருங்க சார்.”

பீமராவ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். “ஓரத்துல நம்பர் இருக்கு. நடுவுல... வெளிறின மாதிரி ஒரு ‘பி’ தெரியுது. இங்கிலீஷ் பி.”

“ஒவ்வொரு ஃபிலிமுக்கும் முதுகுல ஈயத்துல செஞ்ச அந்த எழுத்தை ஒட்டித்தான் படம் எடுப்போம். எல்லாம் சரியா இருந்தா அது தெரியாது. இப்படி வெளிறித் தெரிஞ்சா, கதிர் பின்பக்கம் எதுலயோ பட்டுத் திரும்பி வந்திருக்குன்னு அர்த்தம். அந்த ஃபிலிமை நம்ப மாட்டோம். தூக்கிப் போட்டுட்டு மறுபடி எடுக்கச் சொல்வோம். தினம் செய்யற வேலை சார். அரியமங்கலத்துல யாரைக் கேட்டாலும் சொல்வாங்க.”

பீமராவ் நிமிர்ந்தார். துண்டுச் சீட்டுகளை ஒவ்வொன்றாகப் புத்தகத்திலிருந்து உருவி, கசக்கிச் சட்டைப் பையில் போட்டார். பிறகு கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

“ஒரு வாரமா என் அலமாரி பூரா இந்த எழுத்தைத் தேடினேன். லண்டன் வரைக்கும் போய்த் தேடினேன். அரியமங்கலம் பஸ்ல ஏறணும்னு எனக்குத் தோணல. ஆதாரம் இல்லாமப் பேசினது என் தப்பு. இந்தம்மாகிட்ட எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்டுக்கறேன். பரிசைக் குடுங்க.”

கைதட்டல் ஜன்னல் கதவுகளை அதிர வைத்தது. ஆறு வருடத்தில் முதல் தடவையாக, தான் எழுத்தாளர் என்று ஜோதிக்கே சந்தேகம் இல்லாமல் தெரிந்தது. கொண்டு வந்த நாற்பது பிரதியும் அரை மணியில் தீர்ந்தன. வியூவர் முன்னால் வரிசை நின்றது. பீமராவே பக்கத்தில் நின்று, இது காவிரி, இது கொள்ளிடம் என்று எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார்.

கூட்டம் கலைந்த பிறகு சுடலைமுத்து வந்தார். அவர் படித்த அதே பிரதியை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். ஜோதி யோசித்து, ‘இந்த ஊரைக் கட்டிய சுடலைமுத்து அண்ணனுக்கு’ என்று எழுதிக் கொடுத்தாள். அவர் நின்று நிதானமாக அதைப் படித்தார். படித்துவிட்டுத் தலையை ஆட்டி, புத்தகத்தைத் திருப்பி அவள் கையிலேயே வைத்தார்.

“மாத்தி எழுதுங்க மேடம். நான் ஓட்டை மட்டும்தான் போட்டேன். ஊரைக் கட்டுனது நீங்க.”