பாம்புக்காதுக்காரரின் பெட்டி

அவருக்குப் பாம்புக்காது என்று ஊரே சொல்லும். ஊருக்கு அதை முதலில் சொன்னவர் அவரேதான். கிதார் கம்பி ஒரு மயிரிழை தளர்ந்தால் அடுத்த அறையிலிருந்தே கண்டுபிடித்துவிடுவார். மனைவி நாலு முறை கூப்பிட்டால் மட்டும் காதில் விழாது.

அப்பேர்ப்பட்டவரின் உயிர் ஒரு ஸ்பீக்கர் பெட்டியில் இருந்தது. உள்ளே நாலு ஸ்பீக்கர், தொடை உயரம், பிணக் கனம். கல்யாணத்துக்கு முன்பே வாங்கியது. "நீ வந்ததே அதுக்கப்புறம்தான்" என்று ஒருநாள் மனைவியிடம் வாயை விட்டு, அந்த வாரம் முழுக்கத் தானே சமைத்துச் சாப்பிட்ட மகான் அவர். மேடையில் அதை ஒட்டி நின்று வாசித்தால்தான் தான் ஒரு ஆள் என்கிற நினைப்பே அவருக்கு வரும். பெட்டி போனால் தானும் போச்சு என்று மனதார நம்பினார். தூக்குவது மட்டும் மச்சான் வேலை. வித்வானின் விரலுக்கு ஒன்று ஆகிவிட்டால்?

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். குழுவில் பேஸ் கிதார், வேனுக்கும் அவர்தான் சொந்தக்காரர். போன கச்சேரியில் பெட்டியை இறக்கும்போது அவர் முதுகில் 'கிளுக்' என்று ஒரு சத்தம் வந்தது. பாம்புக்காதுக்கு அது கேட்கவில்லை.

மச்சான் இடுப்பில் பட்டையோடு வந்து நின்றார். "மாப்ள, இனிமே அந்தப் பெட்டி என் வேன்ல ஏறாது. எல்லாரும் இப்ப கையடக்க மிஷின்லதான் வாசிக்கிறாங்க. உன் பெட்டியோட சத்தத்தயே பதிஞ்சு அதுக்குள்ள போட்டுக்கலாம்."

"சத்தத்தப் பதியலாம் மச்சான். உசுரப் பதிய முடியுமா?"

"சரி, பந்தயம். துணிக்குப் பின்னால ரெண்டையும் ஓட விடறேன். எது பெட்டின்னு சரியாச் சொல்லு, முதுகு போனாலும் நானே தூக்குறேன். தப்பாச் சொன்னா பெட்டிய வித்துடணும்."

"வச்சுக்கலாம். ஆனா பதியறது நான்தான்."

பதிவது பெரிய வித்தை இல்லை. அடித்தொனியிலிருந்து கீச்சுக்குரல் வரை ஏறும் ஒரு ஊளையைப் பெட்டிக்குள் ஓடவிட்டு, அது வெளியே எப்படி வருகிறது என்று மைக்கில் பிடித்தால், பெட்டியின் குணம் மொத்தமும் கணினியில் உட்கார்ந்துகொள்ளும். மைக்கை ஸ்பீக்கருக்கு நேரே, நாலு விரல் தள்ளி வைக்க வேண்டும். இது அவருக்குத் தெரியாதா என்ன? தெரிந்துதான் திருகுதாளம் செய்தார். பதிவு கண்றாவியாக வந்தால்தானே பெட்டி பிழைக்கும்? மைக்கைத் தன் தலை உயரத்துக்கு ஏற்றி, பெட்டிக்குப் பக்கவாட்டில் கொண்டுபோய் வைத்தார்.

மனைவி காதில் பஞ்சோடு கூடத்தைக் கடந்தாள். அவர் கிதாரை எடுத்தாலே அவளுக்குக் காதுவலி வந்துவிடும். கச்சேரியிலும் முன்வரிசையில் பஞ்சோடுதான் உட்காருவாள். பாவம் என்று சொட்டு மருந்தெல்லாம் வாங்கிக் கொடுத்திருந்தார்.

"என்னங்க, பெட்டி ஒரு பக்கம் இருக்கு, மைக் ஒரு பக்கம் நிக்குது?"

"உனக்கென்ன தெரியும்? இது உத்தி."

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகை அறையில் கறுப்புத் துணி கட்டினார்கள். பின்னால் பெட்டியும், பதிவை ஒலிக்க ஒரு சாதாரண ஸ்பீக்கரும். அவர் முன்பே வாசித்து வைத்த ஒரே இசைத்துண்டுதான் இரண்டிலும் வரும். நடுவில் நாற்காலி போட்டு அவரை உட்காரவைத்தார்கள். மனைவியும் வந்திருந்தாள், காதில் பஞ்சோடு. மாப்பிள்ளை முறுக்கோடு கால்மேல் கால் போட்டுக்கொண்டார்.

முதல் சத்தம் வந்தது. காதில் ஊசியை ஏற்றிய மாதிரி இருந்தது. தன் உத்தியை நினைத்து அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. இரண்டாவது வந்தது. கனிந்து, உருண்டு, நெஞ்சை வந்து தொட்டது. கண் கலங்கிவிட்டது.

"ரெண்டாவதுதான் என் பெட்டி மச்சான்! முதல்ல வந்தது தகரத்த பிளேடால சுரண்டுற சத்தம். அதையெல்லாம் ஒரு மனுஷன் உக்காந்து கேப்பானா?"

மச்சான் துணியை இழுத்து, முதலில் ஓடவிட்டதைக் கை காட்டினார். தகரம் சுரண்டியது பெட்டி.

"ஏதோ தில்லுமுல்லு! திரும்பப் போடுங்க!"

பெட்டியைத் திரும்ப ஓடவிட்டார்கள். ஊசி. எழுந்து பழக்கதோஷத்தில் பெட்டியை ஒட்டிப் போய் நின்றார். அடடா, அதே கனிவு! திரும்பி நாற்காலிக்கு வந்தார். ஊசி. ஸ்பீக்கரின் கூர்மையெல்லாம் நேர் எதிரே இருப்பவன் காதுக்குத்தான் பாயும். பக்கத்தில் நிற்பவனுக்கு மழுங்கியதுதான் மிஞ்சும். இத்தனை வருஷமாக அவர் நின்றது பக்கத்தில். கெடுப்பதற்கென்று மைக்கை வைத்த இடம், இம்மி பிசகாமல் அவர் தலை நிற்கிற இடம். தன் வினை தன்னைச் சுட்டது.

"அப்ப முன்னால உக்காந்திருக்கிறவங்களுக்கு..." என்று ஆரம்பித்தார்.

மச்சான் இடுப்புப் பட்டையைச் சரிசெய்துகொண்டார். டிரம் வாசிப்பவர் இறுகியிருந்த திருகை மறுபடி இறுக்கினார். பாம்புக்காதுக்காரர் தன் மனைவியைப் பார்த்தார். அவள் காதிலிருந்து பஞ்சை மெதுவாக எடுத்தாள்.

"காதுவலின்னு சொன்னியே?"

"வலிதாங்க. நீங்க வாசிக்கும்போது மட்டும்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?"

"பாம்புக்காதுக்காரர்கிட்ட யாருங்க போய்ச் சொல்றது?"

அவருக்கு அவமானமாக இருந்தது. அதைவிட, அத்தனை கச்சேரிக்கும் அவள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தாளே என்பதுதான் அவரை உலுக்கியது. வெளியே, மச்சான் முன்பே சொல்லிவைத்திருந்தபடி, பெட்டியை வாங்கிப்போக வந்தவரின் வண்டி நின்றது. மச்சான் பழக்கத்தில் குனியப் போனார்.

"மச்சான், நீங்க தள்ளிக்குங்க."

ஒரு பக்கக் கைப்பிடியை அவர் பிடித்தார். மறுபக்கம் மனைவி வந்து பிடித்தாள். தூக்கினார்கள். ரெண்டடி நடப்பதற்குள் அவருக்கு மூச்சு வாங்கியது.

"இவ்ளோ கனமா இது?" என்றார்.

அவளுக்கு நன்றாகவே கேட்டது. நாலு முறை கேட்கட்டும் என்று நடந்தாள்.