கூடத்தில் கேட்கக் கூடாத கேள்வி

அந்தக் கூடத்துக்கு ஒரே ஒரு விதிதான். உள்ளே நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி பெரிய எழுத்தில் ஒட்டியிருந்தது: "ஞாபகம் இருக்கா என்று இங்கே யாரும் யாரையும் கேட்கக் கூடாது."

எழுதி ஒட்டியவள் எல்லோரும் அக்கா என்று கூப்பிடும் பழைய நர்ஸ். அவள் கணவருக்கு மறதி நோய் தொடங்கியிருந்த சமயம், வீட்டுக்கு வந்த உறவுக்காரர் ஒருவர் அவர் தோளைத் தட்டி, "நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டார். அவர் பதில் தெரியாமல் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். பிறகு குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். வெளியே நின்று கதவைத் தட்டித் தட்டிக் கை வலித்தபோது அக்கா எடுத்த முடிவு அது.

அவரைப் போன்றவர்களைப் பகலெல்லாம் பார்த்துக்கொள்ளத்தான் தபால் நிலையத்துக்குப் பின்னால் அந்தக் கூடத்தை வாடகைக்குப் பிடித்தாள். வேலைக்குப் போகும் பிள்ளைகள் காலையில் அப்பாவையோ அம்மாவையோ வேனில் ஏற்றி அனுப்புவார்கள். சமையல் நாத்தனாருடையது. வாடகையும் வேன் செலவும் நகராட்சி வருடந்தோறும் தரும் சின்ன மானியத்தில் ஓடின.

இந்த வருடம் கேட்டு நிற்பவர்கள் அதிகம், கொடுக்க இருப்பது குறைவு. வீட்டில் தனியாக விடவே முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ளும் அமைப்புகளுக்கு மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள். அலுவலர் ஒருவர் நேரில் வந்து பார்த்து எழுதுவதை வைத்துத்தான் குழு முடிவு செய்யும்.

அவர் வருகிற அன்று நாத்தனார் எல்லோருடைய சட்டைக்கும் இஸ்திரி போட்டாள். தலை வாரிவிட்டாள். "பாருங்க அண்ணி, எல்லாரும் பொண்ணு பார்க்கப் போற மாதிரி இருக்காங்க" என்று சிரித்தாள்.

அலுவலர் நடுத்தர வயதுப் பெண். முகத்தில் அதிகாரம் இல்லை, அலைச்சல்தான் இருந்தது. வாசலிலேயே விதியைப் படித்துவிட்டு, "நானும் கேட்கக் கூடாதா?" என்றாள்.

"கேட்காம இருந்தா நல்லது மேடம். அவங்களுக்கு அவமானமா இருக்கும்."

"சரி, கேட்கல." சொன்ன சொல்லை அவள் காப்பாற்றினாள். வந்த வினை அதுதான்.

அக்காவின் கணவர் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். புது ஆளைக் கண்டதும் நிமிர்ந்து எழுந்தார்.

"வாங்கம்மா, படியில நிக்காதீங்க. உள்ள நிறைய இடம் இருக்கு."

அலுவலர் சிரித்துவிட்டாள். "சார் பஸ்ல வேலை பார்த்தீங்களா?"

"ஊரையே ஏத்தி ஏத்தி இறக்கினேன். ஏறாதது என் சம்பளம் மட்டும்தான்."

கூடமே சிரித்தது. எதற்கென்று தெரியாதவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். அவர் அக்காவின் கையைப் பிடித்து முன்னால் இழுத்தார்.

"இது யாரு தெரியுமா? ஜன்னல் சீட்டு. தினமும் ஜன்னலோரம்தான் உக்காரணும். இல்லன்னா அடுத்த பஸ்ல வர்றேன்னு இறங்கிடுவா. அதனால அந்த சீட்டுல என் பையை வெச்சு எடம் பிடிப்பேன். மேலதிகாரிகிட்ட திட்டும் கிடைச்சுது, பொண்டாட்டியும் கிடைச்சா."

அவர் வைத்த அந்தச் செல்லப் பெயரைக் கேட்டு அக்காவுக்கு எவ்வளவு நாளாகிவிட்டது! இப்போதெல்லாம் அவருக்கு அவள் ஏதோ ஒரு ஆஸ்பத்திரி சிஸ்டர். முந்தின நாள்கூட, சோறு ஊட்டிக்கொண்டிருந்தவளிடம், "சிஸ்டர், என் வீட்டுக்காரி எப்ப வருவா?" என்று கேட்டிருந்தார்.

நாத்தனார் பின்னாலிருந்து இடித்துக் கிசுகிசுத்தாள். "அண்ணி, காலையில என்ன சாப்பிட்டீங்கன்னு அண்ணனைக் கேளுங்க. கேஸைத் திறந்துவிட்டுட்டு நின்னாரே, அதையாவது சொல்லுங்க. இந்தம்மா தப்பா புரிஞ்சுக்கிட்டுப் போகப்போறாங்க!"

அக்காவுக்கும் அது புரிந்தது. ஆனால் அவர் அவள் கையை விடவில்லை. வாசல்வரை கூடவே வந்து அலுவலரை வழியனுப்பினார். இவருக்கு ஒன்றும் தெரியாது என்பதை அவரை வைத்துக்கொண்டு எப்படிச் சொல்வது? சொன்னால் அந்தச் சிரிப்பு போய்விடும். மறுபடி எப்போது வருமோ. "போயிட்டு வாங்க மேடம்" என்று மட்டும் சொன்னாள்.

அடுத்த வாரம் அலுவலரே போனில் கூப்பிட்டாள். குரலில் வருத்தம் இருந்தது. "எல்லாரும் நல்லா இருக்காங்க. கூட ஒரு ஆள் இருந்தா வீட்டிலேயே இருந்துக்கலாம்னுதான் எனக்குப் பட்டுச்சு. குழுவும் அப்படித்தான் முடிவு பண்ணிட்டாங்க. வேணும்னா மறுபடி பார்க்கச் சொல்லிக் கேளுங்க. ஆனா அப்போ டாக்டர் வந்து ஒவ்வொருத்தரையா கேள்வி கேட்பாரு."

நாத்தனார் கரண்டியை வீசினாள். "கேட்கட்டுமே! ஒரு நிமிஷம் கலங்குவாங்க. அடுத்த நிமிஷம் மறந்துடுவாங்க. மறக்காம இருக்கப் போறது நீங்க ஒருத்திதான் அண்ணி. உங்க மனசுக்காக இத்தனை குடும்பம் அல்லாடணுமா?"

அந்தக் கேள்வி முள்ளாகத் தைத்தது. அன்று மாலை, வீட்டில், கணவர் எதிரில் உட்கார்ந்து, இத்தனை நாளும் கேட்காததை அக்கா கேட்டுப் பார்த்தாள்.

"என்னங்க, நான் யாருன்னு ஞாபகம் இருக்கா?"

அவர் அவள் முகத்தைப் பார்த்தார். உதடு அசைந்தது. கை தோளில் இல்லாத பையைத் தேடியது. "மன்னிச்சுக்கோங்கம்மா" என்றார் மெதுவாக.

நாத்தனார் சொன்னது சரிதான், கேள்வியை உடனே மறந்துவிட்டார். பயம் மட்டும் போகவில்லை. எதற்கென்று தெரியாமலே கதவுப் பக்கம் பார்த்துப் பார்த்து நடுங்கிக்கொண்டிருந்தார். சாப்பாடு வேண்டாமென்று தள்ளினார். அவள் தொட்டபோது கையை உதறினார்.

மறுநாள் காலை அக்கா நாத்தனாரிடம், "நான் கேட்கப் போறதில்ல. மத்தவங்களையும் கேட்க விடமாட்டேன்" என்றாள். நாத்தனார் அண்ணனின் முகத்தைப் பார்த்தாள். பிறகு அடுப்பைப் பற்றவைக்கப் போனாள்.

கூடத்தின் கடைசி நாளன்று வேன் கிளம்பிய பிறகு நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார்கள். ஒரு மகள், அம்மாவை வெளியிலிருந்து பூட்டிவிட்டுத்தான் இனி வேலைக்குப் போக வேண்டும் என்று அழுதுவிட்டுப் போயிருந்தாள்.

அப்போது அலுவலர் வந்தாள். அலுவலக வேலையாக அல்ல, மனசு கேட்காமல்தான்.

"சார், சௌக்கியமா?"

கண்டக்டர் அவளை வெறித்துப் பார்த்தார். அன்று அவ்வளவு பேசியவரா என்று அவள் திகைத்தாள். "என்னை ஞாபகம்..." என்று ஆரம்பித்தவள், கண் சுவருக்குப் போனதும் நிறுத்திக்கொண்டாள். இன்னும் கிழிக்காமல் அங்கேயே இருந்தது விதி.

அடுக்கியிருந்த நாற்காலிகளைப் பார்த்தாள். பிறகு அக்காவிடம், "அன்னிக்கே ஏன் சொல்லல?" என்றாள்.

"சொல்லியிருந்தா நீங்க அவரைக் கேட்டுப் பார்த்திருப்பீங்க மேடம்."

"இப்போ வேற அமைப்புக்குக் கொடுத்தாச்சு. என் கையில ஒண்ணும் இல்ல."

"தெரியும் மேடம். அவங்களும் தேவைக்குத்தான் வாங்கியிருப்பாங்க."

அலுவலர் கண்ணைத் துடைப்பதைக் கண்டக்டர் பார்த்துவிட்டார். யாரோ களைத்துப்போன பயணி என்று நினைத்தாரோ என்னவோ, அடுக்கிய நாற்காலிகளில் ஒன்றை இழுத்து ஜன்னலோரம் போட்டார். கைக்குட்டையால் தட்டித் துடைத்தார்.

"உக்காருங்கம்மா. இந்த சீட்டு காலியாத்தான் இருக்கு. யாரும் வரப்போறதில்ல."

அலுவலர் அக்காவைப் பார்த்தாள்.

"உக்காருங்க மேடம்" என்றாள் அக்கா. "அவர் மனசு நோகக் கூடாது."