பட்டியலில் இல்லாத கட்டை

ஜெயபாலன் எழுதிய பட்டியலில் ஒரு குறை சொல்ல முடியாது. ஆபீஸ் தாளில், மணிமணியான கையெழுத்தில், அந்தப் பழைய ஆஸ்டின் காருக்கு வேண்டியதெல்லாம் இருந்தது: ஆறு ரிங் ஸ்பேனர், இரண்டு ஸ்க்ரூ டிரைவர், ஒரு குறடு, சுத்தியல், பிளக் ஸ்பேனர், கிரீஸ் கன், ஒரு ஜாக். வொர்க்‌ஷாப் வாசலை மிதிக்காமல் வீட்டிலேயே காரைப் பார்த்துக்கொள்ள இது போதும் என்று, மலாக்காவில் ஜாலான் பெண்டஹாரா தெருப் பக்கத்துச் சாமான் கடையில் நின்று ஒவ்வொன்றாகப் பொறுக்கினான். விவரமானவன்தான். திறந்த வாய் ஸ்பேனர் நட்டின் இரண்டு பக்கத்தைத்தான் பிடிக்கும், முனையை மழுக்கிவிடும், ரிங் ஸ்பேனர்தான் சுற்றிலும் கவ்வும் என்று மனைவி கோகிலாவுக்கு விளக்கினான். காரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்த நட்டு ஒன்றைப் போட்டுப் பார்த்துத்தான் அளவையே முடிவு செய்தான்.

"கட்டை எழுதலையே," என்றாள் கோகிலா.

"என்ன கட்டை?"

"காருக்கு முட்டுக் கொடுக்கத்தான். வெறும் ஜாக்கை நம்பி யாரும் அடியில போகமாட்டாங்க. எங்கப்பா..."

"மெதுவாப் பேசு," என்று ஜெயபாலன் கடையைச் சுற்றி ஒரு பார்வை பார்த்தான்.

அந்த 'எங்கப்பா'தான் சிக்கல். கோகிலாவின் அப்பா சுப்பையன், செங் ஊர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் லாரி கிளீனர். காஜா பேராங்கில் குடிவந்த முதல் வாரமே, பக்கத்து வீட்டுச் சிதம்பரநாதன் செட்டியாரிடம், "மாமனார் தோட்டத்துல பெரிய கிராணி" என்று ஜெயபாலன் அளந்துவிட்டான். தோட்ட ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியின் மகள் ஸ்பேனர் பற்றியும் முட்டுக்கட்டை பற்றியும் பேசலாமா? மெர்டேக்கா என்று நாட்டுக்கு விடுதலை வந்து ஊரே நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறது, இந்த மனுஷனுக்கு மட்டும் சொந்த மாமனாரைச் சொல்ல நாக்கு கூசியது. கோகிலாவுக்கு அது ஆறாத எரிச்சல்.

அவளும் விடவில்லை. அப்பாவிடம் சொல்லி, ரயில் பாதையிலிருந்து கழித்துப் போட்ட சிலிப்பர் கட்டையில் இரண்டு துண்டு வரவழைத்தாள். எண்ணெய் குடித்துக் கறுத்த கட்டைகள். தோட்டத்தில் லாரிக்கு அடியில் யார் நுழைந்தாலும் முதலில் நுழைவது அவைதான். ஜெயபாலன் பார்த்தான், முகம் சுளித்தான், கோழிக்கூண்டுக்குப் பின்னால் போடச் சொன்னான். செட்டியார் பார்த்துக் கேட்டால் என்ன சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை காலை, வீட்டு முன்னால் காரின் ஒரு பக்கத்தை ஜாக்கில் ஏற்றிவிட்டு, அவன் அடியில் புகுந்தான். புகைக்குழாய் நட்டு ஒன்று துருவேறி அசைய மறுத்தது. முந்தின நாள் மழையில் தரை ஊறிக் கிடந்தது. வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த கோகிலாவின் கண் ஜாக்கின் அடித்தட்டிலேயே இருந்தது. அவன் உள்ளே ஸ்பேனரை எக்கி இழுக்கும்போதெல்லாம் கார் ஆடியது. தட்டின் ஒரு ஓரம் மண்ணுக்குள் போயிருந்தது.

"ஏங்க, வெளிய வாங்க. ஜாக் சாயுது."

"இன்னும் ஒரு நட்டுதான்."

"முதல்ல வாங்கன்னா."

"சும்மா இரு, கோகிலா."

அவள் முறத்தைப் போட்டுவிட்டு ஓடினாள். ஒரு கட்டையின் முனையைப் பிடித்து இழுத்தாள். அது லேசில் வரவில்லை. கோழிகள் கத்திக்கொண்டு சிதறின. இருபதடி தூரம் அவளுக்கு ஊர் தூரமாக இருந்தது. காருக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, காரின் அடிச்சட்டத்துக்கு நேராகக் கட்டையை உள்ளே தள்ளினாள்.

"எதுக்கு வெளிச்சத்த மறைக்கிற? எடு அதை."

அவள் எடுக்கவில்லை. இன்னும் ஒரு முழம் தள்ளினாள். உள்ளே அவன் மறுபடி ஸ்பேனரை இழுத்தான்.

ஜாக் சாய்ந்தது. கார் இறங்கியது. கட்டைமேல் சட்டம் பெருஞ்சத்தத்தோடு மோதி நின்றது. கோகிலா குனிந்து உள்ளே பார்த்தாள்.

"ஏங்க."

"நெஞ்சு மேல அழுத்துது," என்றான் சன்னமாக. "அசைய முடியல."

சத்தம் கேட்டுச் செட்டியார் வேலியைத் தாண்டி ஓடிவந்தார். "வொர்க்‌ஷாப் ஆளக் கூட்டிக்கிட்டு வரவா?"

"அதுவரைக்கும் தாங்காதுங்க செட்டியாரே. அந்தப் பக்கச் சக்கரத்துக்கு முன்னயும் பின்னயும் கல்லு வைங்க. கார் உருளக் கூடாது."

அவர் மறுபேச்சில்லாமல் கல் தேடினார். கோகிலா இரண்டாவது கட்டையை இழுத்துவந்து மண்ணில் படுக்க வைத்தாள், அதன்மேல் ஜாக்கை நிறுத்தினாள். இந்தத் தடவை அது புதையாது. கைப்பிடியை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு நின்று, தட்டைப் பார்த்தாள். இன்னொரு சுற்று. விரற்கடை விரற்கடையாகச் சட்டம் கட்டையை விட்டு எழும்பியது.

"இப்ப மெதுவா நகருங்க. எதையும் பிடிச்சு இழுக்காதீங்க."

முதலில் சேறு படிந்த கால்கள் வந்தன, பிறகு சட்டை கிழிந்த உடம்பு. ஜெயபாலன் தரையிலேயே உட்கார்ந்துவிட்டான். ஸ்பேனர் இன்னும் கையில் இருந்தது. காருக்கு அடியில் கிடந்த அந்தக் கறுத்த கட்டையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

செட்டியார் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "நல்ல காலம், தம்பி. ஆனா கிராணி வீட்டுப் பொண்ணு இந்த வேலையெல்லாம் எங்க கத்துக்கிச்சு?"

கோகிலா ஜாக்கை விட்டு நிமிர்ந்தாள். புருஷனைப் பார்த்தாள். இதற்கும் ஒரு பொய் சொன்னால், அவரை மீட்ட இந்தக் கையாலேயே துணிமணியை மூட்டை கட்டிவிடுவதென்று நினைத்தாள்.

"கிராணி இல்லைங்க," என்றான் ஜெயபாலன். "நான்தான் பொய் சொன்னேன். எங்க மாமனார் லாரி கிளீனர். கட்டை அவர் கொடுத்தது."

கோகிலா ஜாக் கைப்பிடியைக் கீழே வைத்தாள்.

"குளிச்சிட்டு வாங்க," என்றாள். "செங்குக்குப் போறோம். கார் வேணாம், பஸ்ஸுல போவோம். இப்பச் சொன்னத எங்கப்பாகிட்டயும் சொல்லுங்க."