தையலுக்குள் சிங்காபின்

ஹோபர்ட் டீட்டரின் விலா எலும்பில் சிங்காபின் என்னும் காட்டுக் கொட்டை மரம் முளைத்ததற்கு அவர் மனைவி டெல்ஃபி போட்ட தையல்தான் காரணம். மேற்கு வர்ஜீனியா மலையில் ஸ்பைஸ் மேட்டுக்காரர்கள் முதல் உறைபனி விழுந்ததும் ஆளைக் கம்பளி உள்ளாடையோடு சேர்த்துத் தைத்துவிடுவார்கள். மே மாதம்தான் பிரிப்பார்கள். அந்த வருடம் ஹோபர்ட் உள்ளே அடிவாரத்துச் சிங்காபின் கொட்டை ஒன்றை வைத்துக்கொண்டார். விழுந்த கையோடு வேர்விடும் கொட்டை அது. மேட்டிலோ அதற்குள் மண் உறைந்து வேர் கருகிவிடும். உடம்புச் சூட்டில் குளிர்காலத்தைத் தாண்டிவிடும் என்று நினைத்தார். வேர் எங்கே போகும் என்று யோசிக்கவில்லை. மேட்டின் சிங்காபின்களைப் பட்டைநோய் தின்றுவிட்டது; மிச்சம் அவருடைய வேலியோரப் புதர் ஒன்றுதான். ஒற்றை மரம் தன் மகரந்தத்தில் காய்க்காது. செப்டம்பர்தோறும் முள்கூடுகள் வெடிக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது. துணைக்கு ஒன்றை வளர்க்க இருபது வருடம் அடிவாரத்துக் கொட்டைகளை நட்டுப் பார்த்தார். எல்லாம் செத்தன.

மே மாதம் டெல்ஃபி தையலைப் பிரித்தாள். "உள்ள என்னய்யா, அணில் வளக்குறியா?" என்றவள் இரண்டு இலைகளைப் பார்த்துப் பிடித்து இழுத்தாள். அவர் கத்தினார். வேர் எலும்பைப் பற்றியிருந்தது. மருத்துவர் அறுத்துவிடலாம் என்றார்.

"அறுத்தா பொழைக்குமா?"

"நீ பொழைப்ப."

"நான் அதக் கேக்கல."

"சாணி கொண்டாந்து கொட்டட்டுமா, ஹோபர்ட்?" என்று பக்கத்துப் பண்ணை ரூஃபஸ் கேட்டான்.

"ஒன் வாயில இருக்குறதே போதும்டா."

மூன்றாம் வருடம் அவரால் கதவுக்குள் நுழைய முடியவில்லை. ஜூனில் பூத்தார். புதருக்கு அருகில், காற்று வரும் பக்கமாக நின்றார். டெல்ஃபி சோள ரொட்டியும் பீன்ஸும் கொண்டுவந்து ஊட்டினாள். ஆகஸ்டில் அவர் கழுத்தில் பட்டைநோயின் ஆரஞ்சுப் புள்ளிகள் வந்தன, அடுத்த வாரம் புதரிலும். செப்டம்பருக்குள் அவரும் புதரும் காய்ந்துபோனார்கள். வேரிலிருந்து துளிர்க்கும் என்றான் ரூஃபஸ். துளிர்க்கவில்லை. புதரில் ஒரே ஒரு கூடு நிறைந்திருந்தது. சிங்காபினுக்குக் கூட்டுக்கு ஒரு கொட்டைதான். அது வளர்ந்தாலும் மறுபடி ஒற்றை மரம்தான். டெல்ஃபிக்கு அது தெரியும்.

முதல் உறைபனியன்று ரூஃபஸின் மனைவி ஓனா ஊசியோடு வந்தாள். டெல்ஃபி கைகளைத் தூக்கிக்கொண்டு நின்றாள்.

"எடது பக்கம் கொஞ்சம் எடம் விட்டுத் தைடி," என்றாள்.

ஓனா இடம் விட்டுத் தைத்தாள்.